அடுத்த வேளை சாப்பாட்டுக்குள்

இவர்களில் யாருக்கும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் தேவைப்படாமல் இருந்தால் போதும். தண்ணீர், கழிப்பறை, ஜன்னலோரம், எதுவும். ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்.

நினைத்து முடிப்பதற்குள் நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"ஏம்மா, அந்த ஆளுகிட்டக் கேளு, இந்தக் கண்ணாடியைத் திறக்கவே முடியாதான்னு. பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டின மாதிரி மூச்சு முட்டுது."

டிக்கெட் பரிசோதகர் நின்றார். அவள் கேட்டாள். அவர் தலைக்கு மேலே கையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"மேல ஒரு திருகு இருக்காம் அண்ணி. திருப்பினா காத்து வருமாம்."

"அதை எழுதி ஒட்டி வைக்கிறதுக்கு என்ன கேடுன்னு கேளு."

அவள் பரிசோதகரிடம் அந்த ஊர் மொழியில் மிக்க நன்றி என்றாள். அவர் தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

"பாத்தியா, தப்பை ஒத்துக்கிட்டுப் போறான்," என்றாள் நாத்தனார். "தங்கமான ஜனங்க."

ஆறு நாள் பயணத்தில் இது இரண்டாம் நாள். பள்ளி மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தில் கணக்கு டீச்சராக இந்த நாட்டுக்கு வந்தவள், விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி வைத்து, மதிப்பெண் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்தையும் போட்டுவிட்டாள். அழைத்துப் போகக் கணவனும் பதின்மூன்று வயது மகளும் வந்திருந்தார்கள். கூடவே கணவனின் அக்கா. இந்த ஒரு வருடமும் வீட்டைத் தாங்கியது அவள்தான் என்பதால், அவளும் வருவதா என்ற பேச்சே எழவில்லை. ஊர் சுற்றிவிட்டு ஏழாம் நாள் பள்ளிக்குப் போய் அலமாரிச் சாவியைக் கொடுக்க வேண்டும். எட்டாம் நாள் விமானம்.

மூன்றாம் மாதத்தில்தான் அவள் இந்த மொழியைப் பேசத் துணிந்தாள். கணக்கு நடத்த நிறையச் சொற்கள் தேவைப்படவில்லை. 'ஆகவே', 'எனில்', 'மறுபடி பார்', இவை இருந்தால் ஒரு பீரியடை ஓட்டிவிடலாம். மற்றவற்றை ரொட்டிக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பொறுக்கிக்கொண்டாள். இப்போது குடும்பத்துக்கே அந்த ஒரு வாய்தான்.

அன்று மாலை விடுதி அறைக்குள் நுழைந்ததும் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இது ரூமா, குடோனா? நாங்க என்ன மூட்டையா, இங்க அடுக்கி வைக்க? போய்க் கேளு."

அவள் கீழே போய், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், வயதில் பெரியவர் ஒருவர் கூட வந்திருக்கிறார், வெளிச்சமுள்ள அறை ஏதாவது காலியாக இருக்குமா என்று கேட்டாள். இருந்தது. இரண்டாம் மாடி, பெரிய ஜன்னல்.

"கேக்கிற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும்," என்றாள் நாத்தனார், புது மெத்தையை அழுத்திப் பார்த்தபடி.

"அக்காகிட்டக் கத்துக்கோ," என்றான் கணவன். "நீ இருக்கியே, குடுத்த ரூம்ல பேசாமப் படுத்திருப்ப."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. தனக்காக என்றால் அவள் கீழே போயிருக்க மாட்டாள்.

காலையில் மகள் சீப்போடு வந்தாள். கட்டிலில் அவளும் நாத்தனாரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். மகள் யோசிக்காமல் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்ததுபோலக் கழுத்தைத் திருப்பினாள்.

"அம்மா, வேணும்னா நீ பின்னிவிடேன்."

"பரவாயில்ல, அத்தையே பின்னட்டும்."

"அவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் நாத்தனார், ஏற்கெனவே வகிடு எடுத்தபடி. "இவ முடிக்கு நாலு சிக்கு இருக்கு. அது எங்க எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். இல்லடி?"

மகள் சிரித்தாள். மகள் சொன்ன 'வேணும்னா' என்ற சொல்லில் இருந்த மரியாதையை அவள் கவனித்தாள். விருந்தாளிக்கு நல்ல நாற்காலியை நகர்த்திப் போடுகிற மரியாதை. வலிக்கிறதா என்று உள்ளே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். வலி என்று சொல்ல முடியவில்லை. இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வரும்போது யாரோ அதற்குப் புது அட்டை போட்டிருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. அட்டை நன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.

போன வருடம் கிளம்பும்போது மகள் அவள் தோள் வரைக்கும்தான் இருந்தாள். இப்போது புருவம். இன்னும் ஒரு வருடத்தில் தலைக்கு மேல் போய்விடுவாள். அதற்குள் அந்த நாலு சிக்கும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் உண்டு.

நாலாம் நாள் மலைக்குப் போனார்கள். உச்சிக்குக் கொண்டுபோகும் கம்பி ரயில் பழுது என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அவள் படித்துச் சொன்னாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள், உடனே சமாதானமும் ஆகிவிட்டாள்.

"போகட்டும். அடுத்த வருஷம் நாங்க லீவுக்கு வரும்போது ஏறிக்கலாம். அதுக்குள்ள சரி பண்ணிடுவாங்கல்லம்மா?"



"உன் வாயில ஒரு பூட்டுப் போடணும்டி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "அப்பா சொல்லிக்குவார்னு சொன்னேனா இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும், அம்மாவுக்கே தெரியாதுன்னு?"

கணவன் பலகையின் அருகில் போய், அந்த எழுத்துகளைத் தெரிந்தவன்போல மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு வருடம் இருக்க முடியுமா என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு போனில் அதை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். "அப்படியா? பாக்கலாம்," என்றான். அதோடு அவள் அதை மறந்துவிட்டாள். போகிறவளை மரியாதைக்குக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாள். சாவியைக் கொடுக்கும் நாளில் நேரில் பதில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற அந்தப் பதிலைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மதியம் விடுதியின் சலவை அறையில் அவனைப் பிடித்தாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேரின் துணிகளும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"யார் முடிவு பண்ணினது?"

"முடிவா? யாரு முடிவு பண்ணினா? சும்மா பேசிக்கிட்டோம்."

"யார் யார்?"

"நான், அக்கா, பாப்பா. உங்க அம்மாகிட்டயும் போன்ல ஒரு வார்த்தை கேட்டேன். நல்லதுதானேன்னாங்க."

"என்கிட்ட?"

"நீ ஊர்ல இல்லையே," என்றான். அதில் கேலி எதுவும் இல்லை. "இப்பச் சொல்றேன்ல? எல்லாம் செட் ஆயிடுச்சு. பாப்பா அக்காகூட ஒட்டிக்கிட்டா. நீ இல்லையேன்னு எதுவும் நிக்கல, பாரு. உனக்கும் இங்க பிடிச்சிருக்கு. எப்படிப் பேசற நீ அவங்ககூட! நானே அசந்துட்டேன். இன்னும் ஒரே ஒரு வருஷம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

போன வருடமும் அவன் இதே சொற்களைத்தான் சொன்னான். அவை ஒன்றும் பழசாகிவிடவில்லை, இன்னும் நன்றாகவே உழைத்தன.

"யோசி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் இயந்திரத்தின் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு கப் கழுவி வைத்தால் முடிந்துவிடும் சமையலறை பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை யாருடைய பெயரையும் கூப்பிடாமல் இருந்தது பிடித்திருந்தது. பதிலே வராத கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளைகள், வந்ததும் நிமிர்ந்து பார்த்தது பிடித்திருந்தது. ஆனால் தான் இல்லையே என்று எதுவும் நிற்கவில்லை என்பதை அவன் ஒரு நல்ல செய்தியாகச் சொன்னான். இன்னொரு வருடம் கழித்துப் போனால், வீட்டில் தனக்கான இடத்தை யாராவது எழுந்து கொடுக்க வேண்டியிருக்கும். கொடுப்பார்கள். 'வேணும்னா இங்க உக்காரேன்' என்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எதையும் கேட்பதில்லை, சொல்வார்கள். சொன்னதற்கு அடுத்த வேளை சாப்பாட்டுக்குள் மறுப்பு வராவிட்டால் முடிந்த விஷயம். மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். மகளுக்குப் பெயர் வைத்தது, முன் அறையைத் தடுத்தது, அவளை இங்கே அனுப்பியது எல்லாம் அப்படி நடந்தவைதான். மறுத்தவர்களை யாரும் திட்டியதுகூட இல்லை. நாத்தனார் வாரம் இரண்டு முறை மறுப்பாள். இவளுக்குத்தான் எப்போதும் அந்த நேரத்துக்குள் சொற்கள் சேர்ந்து வராது. சாப்பிட்டுக் கை கழுவும்போது வரும்.

அன்று இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே. மேசையில் அவள் தயாராகத்தான் இருந்தாள். கணவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். 'ஏங்க' என்று ஆரம்பித்தாள்.

"சுடுதண்ணி கேளும்மா," என்றாள் நாத்தனார். "ஐஸைக் கொட்டிக் கொண்டுவந்து வச்சிருக்கான். நாளைக்குத் தொண்டை கட்டினா இவன் வந்து பேசுவானா?"

அவள் எழுந்துபோய்க் கேட்டாள். சுடுதண்ணீர் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். டீக்கு வைத்திருக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றித் தர முடியுமா என்றாள். தந்தார்கள். திரும்பி வந்தபோது மேசையில் பேச்சு ஷூ கடைக்குப் போயிருந்தது. அவள் சாப்பிட்டாள். கை கழுவும்போது வாக்கியம் முழுதாக வந்தது. குழாயை மூடினாள்.

மறுநாள் பேருந்தில் கணவன் போனில் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமாப்பா, இன்னொரு வருஷம் இருக்கா. அவளுக்கும் இஷ்டம்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். 'அவளுக்கும் இஷ்டம்தான்' என்ற வாக்கியத்தை அந்த ஊர் மொழியில் எப்படிச் சொல்வது என்று மனம் தானாகவே சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக அதற்கு இதே வேலை.

ஏழாம் நாள் பள்ளிக்குத் தனியாகப் போய்வருவதாகச் சொன்னாள்.

"அதெப்படி? ஒரு வருஷம் உன்னைப் பாத்துக்கிட்டிருக்காங்க," என்றான் கணவன். "நேர்ல ஒரு நன்றி சொல்லணும்ல?"

"நானும் வரேன்," என்றாள் நாத்தனார். மகள் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை ஐம்பது வயது தாண்டியவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். வகுப்பறைக்குக் கூட வந்து, அலமாரியில் இருந்த மரக் காம்பஸ், மூலைமட்டங்கள், பிரிக்காத வரைபடத் தாள் கட்டுகள் எல்லாவற்றையும் பட்டியலில் டிக் அடித்தார். சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு எல்லோரையும் தன் அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். அவருக்கு அந்த ஊர் மொழியைத் தவிர வேறு தெரியாது.

கணவன் மேசையின் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தான். "பள்ளிக்கூடம் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு சொல்லு."

சொன்னாள்.

தலைமை ஆசிரியை மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"உங்கம்மா கிளாஸ்ல குரலை உயர்த்தினதே இல்ல, அவ பேசறது கேக்கணும்னே பசங்க அமைதியாயிடுவாங்கன்னு பாப்பாகிட்டச் சொல்றாங்க."

"வீட்லயும் அப்படித்தான், குரலே வராதுன்னு சொல்லு!" என்று கணவன் சிரித்தான்.

அதையும் சொன்னாள். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு தாளை மேசையின் நடுவில் வைத்து, அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப என்ன?"

"அடுத்த வருஷம் வருவியான்னு கேக்கறாங்க. மத்தியானத்துக்குள்ள ஆபீசுக்குச் சொல்லணுமாம்."

"ஓ, அதுவா." கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். தலைமை ஆசிரியையின் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மேடையில் பேசுகிறவனைப்போலச் சொன்னான். "வீட்ல எல்லாரும் கலந்து பேசிட்டோம். இன்னொரு வருஷம் இங்க வேலை பாக்கறதுல இவங்களுக்குப் பரிபூரண சம்மதம். எங்களுக்கும் ரொம்பச் சந்தோஷம்."

சொல்லி முடித்துக் காத்திருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. சொல்லப்படுவது அவளைப் பற்றி என்பதோ, அது அவள் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதோ அவனுக்கு ஞாபகத்தில் இல்லை என்பதை அவள் பார்த்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வாரமாகச் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இதுவும் சேரும் என்று இருந்தான்.

தலைமை ஆசிரியை அவளைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன. 'சம்மதம்' என்பதற்கு அந்த மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"சொல்லேன்," என்றான் கணவன்.

"வார்த்தை வரலையா?" என்றாள் நாத்தனார். "சுருக்கமாச் சொல்லும்மா. தலையை ஆட்டினாக்கூடப் புரிஞ்சுக்குவாங்க. தங்கமான ஜனங்க."

மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வார்த்தை வருது அண்ணி," என்றாள் அவள். பிறகு கணவனிடம், வகுப்பில் பேசுகிற அதே குரலில், "இதை நான் சொல்ல மாட்டேங்க," என்றாள்.