அறுபது அறைக்கு ஒரு சமையலறை

மாணவியர் விடுதியின் பழைய கட்டடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கும் அடுப்பு ஒன்றுதான். அதற்காகச் சண்டை பிடித்தே எல்லோரும் அக்கா தங்கைகளாகிவிட்டார்கள். பிறகு பல்கலைக்கழகம் பெருத்தது. விடுதியும் ரயில் பாதைக்கு அப்பால், அறுபது அறைகளோடு எழும்பிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. இப்போது அறைக்கு அறை குட்டி அடுப்பு. இனி யாருக்கு யார் வேண்டும்?

விடுதித் தலைவி கிருசாந்திக்கு அதுதான் கவலை. கீழ்த்தளத்தில் ஒரு பொதுச் சமையலறை வேண்டுமென்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியவள் அவள். "ஒரு மாதம் பார்ப்போம். ஆள் வராவிட்டால் சைக்கிள் நிறுத்த எடுத்துக்கொள்வோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். கிருசாந்தி ஞாயிறுதோறும் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஈ காக்கைகூட வரவில்லை. பழைய தோழிகளில் ஒருத்திக்குப் பரீட்சையாம், ஒருத்திக்கு வேலையாம்.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று, புலம்பெயர்ந்து குடியேறிய இஷொய் ஊரிலிருந்து அம்மா புஷ்பராணி பானையும் பாலுமாக வந்து இறங்கினார்.

"பால் காய்ச்சாமல் குடிவந்தால் ஆர் வருவினம்? தள்ளு பிள்ளை."

"பொங்கின உடனை இறக்குங்கோ அம்மா."

"பொங்கினால் காணாது. நாலு பக்கமும் வழியவேணும்."

வழிந்தது. அம்மாவின் பக்தி மின்னடுப்புக்கு எங்கே விளங்கப்போகிறது? பால் அடுப்பின் சூட்டுத் தட்டில் கருகி, புகை மேலே ஏறி, கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது.

அறுபது கதவும் திறந்தன. மழை பெய்துகொண்டிருந்த முற்றத்தில் ஈரத் தலையில் சுற்றிய துவாயோடு ஒருத்தி, கடித்த பாண் துண்டோடு ஒருத்தி, ஒரே குடைக்குள் நாலு பேர். ஒரு மாதமாக முகம் பார்க்காதவர்கள் "நீ எந்த மாடி?" என்று விசாரித்துக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது.

"ஐயோ, என்ரை பிள்ளையின்ரை மானத்தை வாங்கிப்போட்டன்!" என்று தலையில் கைவைத்த அம்மா, அடுத்த நிமிடமே மிஞ்சிய பாலில் தேத்தண்ணி போட்டு, நடுங்கி நின்றவர்களைக் கை காட்டி உள்ளே கூப்பிட்டார். நீள மேசையில் இடம் போதவில்லை. பழைய தோழிகள் ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்கள்.

தீயணைப்பு அதிகாரி கருகிய அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இந்தச் சமையலறை யாருடையது?"

போச்சு, இத்தோடு பூட்டு விழப்போகிறது என்று நினைத்தபடி கிருசாந்தி வாயைத் திறந்தாள். பெயர்கூடத் தெரியாத துவாய்க்காரி முந்திக்கொண்டாள்.

"எங்களுடையது."

"ஓம், எங்கள் எல்லோருடையதும்" என்றாள் குடைக்காரி.

கிருசாந்திக்கு அழுகை வந்தது. அவள் மறைக்கவில்லை.

"பாத்தியோ, வழிஞ்சாத்தான் சரி" என்றார் அம்மா காதோடு.

அந்த விடுதியின் சைக்கிள்கள் இன்னும் வெளியே மழையில்தான் நனைகின்றன.