பச்சைத் தண்ணீர்

லாரி ஓட்டுகிறவனுக்கும் மீன் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் அவன் சொல்வான். தொட்டி அவன் மனைவியுடையது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வந்தும் சோதனைக் குழாயை விடமாட்டாள். "விஞ்ஞானி" என்று கூப்பிட்டு அவன் வாங்கிக் கட்டிக்கொள்வது வழக்கம்.

இந்த மீனை வாங்கப் போன அன்றே கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். குட்டை சிக்லிட் என்கிற விரல் நீள மீனில் இரண்டு வகை இருந்தன, மஞ்சளும் நீலமும்.

"மஞ்சள எடுத்துக்கங்கம்மா. நம்ம குழாய்த் தண்ணிக்கே பழகிடும். நீலம் நொய்ஞ்சது. அதுக்கு மழைத்தண்ணி மாதிரி உப்பில்லாத தண்ணி வேணும்."

"குஞ்சு பொரிச்சா யார் பாத்துக்கும்?" என்று கேட்டாள் அவள்.

"மஞ்சள்ல தாய் மட்டும்தான். அப்பன் கண்டுக்காது. நீலத்துல ரெண்டும் சேர்ந்து மேய்க்கும்."

"அப்ப மஞ்சள் நம்ம கட்சி," என்றான் அவன். மாதத்தில் இருபது நாள் சாலையில் கிடக்கிறவன் வேறென்ன சொல்வான். அவள் சிரிக்கவில்லை. நீலத்தில் ஒரு ஜோடியைக் காட்டி, பையில் போடச் சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மூன்று முறை தங்கி மூன்று முறையும் கலைந்திருந்தது. அதை நினைத்ததும் அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

அன்றிலிருந்து மாடியில் விழுகிற மழை முழுவதும் கொல்லைப்புறத்து டிரம்முக்குப் போனது. வாரம் ஒரு முறை சோதனை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தண்ணீர் முதலில் ஆரஞ்சாக நிற்கும், பிறகு சட்டென்று பச்சையாகும். எத்தனை சொட்டில் மாறுகிறதோ தண்ணீரில் அத்தனை உப்பு, அத்தனை கடினம். "ஒண்ணு… ரெண்டு… மூணு. மாறிடுச்சு." மூன்றைத் தாண்ட விடமாட்டாள். குழாய்த் தண்ணீருக்கோ பதினெட்டு சொட்டு வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனையில் நாள் குறித்த வாரத்தில்தான் மீன் குஞ்சு பொரித்தது. அறுபதுக்குக் குறையாது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவற்றை ஓட்டிக்கொண்டு போவதை அவள் சாப்பாட்டை மறந்து பார்த்தாள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் துணைக்கு அவளுடைய அக்கா இருந்தாள். தொட்டி அவன் தலையில் விழுந்தது.

அறுவை சிகிச்சை அன்று காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"ரெண்டு வாளி எடுத்துட்டு ரெண்டு வாளி ஊத்துங்க. பச்சத் தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க. இந்த ஒரு வேலையாவது ஒழுங்கா…" அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள் போலும், போன் நின்றுவிட்டது.

அவன் கொல்லைக்குப் போய் டிரம் மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் பாசியேறிப் பச்சைப்பசேல் என்று கிடந்தது. நல்ல வேளை சொன்னாள் என்று நினைத்துக்கொண்டான். டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் தெளிவாக இருந்தால் போதாதா என்று குழாயில் பிடித்தான். இரண்டு வாளி என்ன இரண்டு வாளி, அவள் வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று எட்டு வாளி மாற்றினான். ஒரு வேலையை இவ்வளவு அக்கறையாக அவன் செய்ததே இல்லை.

மதியம் பார்த்தபோது தொட்டியில் அசைவே இல்லை. குஞ்சுகள் மணலில் வெள்ளையாகப் படிந்திருந்தன. பெரிய மீன்கள் இரண்டும் அவற்றின் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தன.

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வேறொரு நீல ஜோடியைப் பிடித்துக் கொடுத்தார். "இது நம்ம தண்ணியிலயே வளந்தது, ரெண்டு நாள் கழிச்சு விடுங்க, தாங்கும். குஞ்சுக்கு எங்க போறது? தாயே தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க. நடக்கிறதுதான்."

அவளிடம் போய் அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறு பொய் கையில் இல்லை. மறுநாள் வார்டில் அவள் முதலில் கேட்டதே குஞ்சுகளைத்தான். சொல்லிவிட்டான்.

"தாயேவா?"

"தாயேதான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்புறம் மூன்று நாளும் மீன் பேச்சை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று, பிடித்துப் பிடித்து நடந்து நேராகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மீன்களையே பார்த்தாள். பிறகு கண்ணாடிக் குழாயைக் கழுவத் தொட்டிப் பக்கத்து வாளிக்குள் கையை விடப் போனாள்.

"பச்சத் தண்ணில கை வைக்காத, டாக்டர் சொல்லியிருக்காரு, வெந்நி வெச்சிருக்…"

பேச்சு பாதியில் நின்றது. தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. சூடு காட்டாத, குழாயில் பிடித்தபடி இருக்கிற வெறும் தண்ணீர். பிறந்ததிலிருந்து அவன் சொல்லி வருகிற சொல்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து எண்ணத் தொடங்கியிருந்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஆரஞ்சு அப்படியே நின்றது. நாலு. அவள் கை நின்று, மறுபடி சொட்டு விட்டது. ஒன்பது, பத்து என்று போகப் போக அவள் குரல் தணிந்தது. பதினைந்தாவது சொட்டில் தண்ணீர் பச்சையானது.

"எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

"பச்சத் தண்ணி வேணாம்னு சொன்ன. டிரம்ல பச்சையா கெடந்துச்சு. அதக் கொட்டிட்டுக் குழாய்ல புடிச்சேன்."

"நான் குழாய்த் தண்ணியத்தான் சொன்னேன்."

"இப்பதான் வெளங்குது."

"இதுங்க அதுங்க இல்ல."

"இல்ல. கடையில வாங்கினது."

திட்டட்டும், கையில் இருப்பதை வீசட்டும் என்று அவன் நின்றான். அவள் குழாயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப தாய் தின்னல."

"தின்னல. ரெண்டும் குஞ்சுங்க பக்கத்துலயேதான் கெடந்துச்சு."

மருத்துவமனையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இப்போது அழுதாள். தையல் வலித்திருக்க வேண்டும், ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டாள்.

"மூணு நாளா அதத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேங்க," என்றாள்.