மாட்ஜுக்கு முதல் துண்டு

என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ரோரி நல்லவன்தான். ஆனால் அவன் கண்ணாடி ஸ்லைடைத் தொட்டாலே எனக்குப் பயம். அன்றைக்கும் அப்படித்தான்.

டாலி ஒரு டாஸ்மேனியன் டெவில், இரையை எலும்போடு தின்னும் ஆஸ்திரேலியக் காட்டு விலங்கு. அதன் முகத்தில் புற்றுக்கட்டி. புது மருந்து ஒன்று இருந்தது. கட்டியின் செல்களைப் பெருகச் சொல்லி ஏவுகிற புரதம் விழித்திருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் டாலியை வலியில்லாமல் தூங்கவைத்துவிடுவார்கள். குட்டியிலிருந்து அதைப் பால் புகட்டி வளர்த்த நோரீன், காப்பகத்தில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

விழித்திருக்கும் அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி கடையில் கிடைக்காது. மாட்ஜ் என்ற முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது எங்களிடம் இருந்தது. மாட்ஜ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் ஒரே சொட்டு. கட்டியின் சீவலையும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தோலின் சீவலையும் ஒரே ஸ்லைடில் வைத்து, அந்தச் சொட்டை இரண்டின்மேலும் பரப்பினேன். அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒளிராது. முயலின் ஆன்டிபாடியைத் தேடிப்போய் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றுவது ரோரியின் வேலை.

அவன் ஊற்றி முடித்ததும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டும் கும்மிருட்டு.

"ஒண்ணுமே இல்லையா?" என்றான்.

"இல்லடா. போச்சு." நோரீனிடம் எந்த வாயால் சொல்வது? போனைக் கையில் எடுத்தேன்.

"ஹெட்டி, இரு இரு, போன் பண்ணாத!" ரோரி ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் ஊத்தினது… சுண்டெலியோடதத் தேடுறது."

"டேய் எருமை! இங்க சுண்டெலி எங்கடா வந்துச்சு? மாட்ஜ் முயல்டா!"

"திட்டு, நல்லாத் திட்டு. ஆனா மாட்ஜோடது இன்னும் அங்கதானே உக்காந்திருக்கும்?"

போனைக் கீழே வைத்தேன். ஆமாம், நாங்கள் தப்பாகத் தேடினால் அவள் எழுந்து போய்விடுவாளா என்ன? ஸ்லைடைக் கழுவினேன். சரியான குப்பியின் லேபிளை இரண்டு பேரும் உரக்கப் படித்தபிறகு நானே ஊற்றி, வெளிச்சம் படாமல் ஃபாயிலால் மூடிவைத்துக் காத்திருந்தோம்.

மறுபடி பார்த்தேன். தோல் இருட்டாகவே கிடந்தது. கட்டி பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது.

"நோரீன், மருந்த ஆரம்பிச்சிடலாம்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருக்குடி நன்றி சொல்லட்டும் நான்?"

"ஒரு முயலுக்கு."

"முயலா? டாலிகிட்ட மாட்டியிருந்தா எலும்பக்கூட விட்டுவெச்சிருக்க மாட்டாளே!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

யார் தப்பு செய்தாலும் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் இடத்து வழக்கம். மறுநாள் ரோரி கேரட் கேக்கோடு வந்தான். தேநீர் அறையில் மாட்ஜின் படம் இருக்கிறது. முதல் துண்டை அதன்முன் வைத்து, "ரொம்ப நன்றிடி, மாட்ஜ்" என்றேன். மனசு நிறைந்து சொன்னேன். ரோரிக்கும் ஒரு துண்டு வெட்டினேன், பெரியதாக.