மீசைக்கு வந்த கொய்யா

முரளிதரன் தங்கமான மனுஷன்தான், வாய்தான் அடங்காது. வளைகுடா நாட்டுப் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளைப் பராமரிக்கிற கம்பெனியில் பொறியாளர், கை நிறைய சம்பளம், எல்லாம் சரி. ஆனால் சாவி கீழே விழுந்தாலும் கொய்யாலே, லிஃப்ட் வராவிட்டாலும் கொய்யாலே. மதுரையிலிருந்து பெட்டியோடு கூடவே கொண்டுவந்த வார்த்தை அது.

மகள் தன்யா பள்ளிக்கூடத்தில் பென்சில் முனை உடைந்ததும் அப்பாவைப் போலவே அதைச் சொல்லித் தொலைத்தாள். அர்த்தம் என்ன என்று டீச்சர் அம்மாக்காரி ஜலஜாவைக் கூப்பிட்டுக் கேட்க, ஜலஜா அங்கே நின்று நெளிந்த நெளிப்பு இருக்கிறதே, ஐயோ பாவம். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை நாலு பேர் முன்னாடி அந்த வார்த்தை வரட்டும், உங்க மீசையை நானே வழிச்சிடறேன்."

காலேஜ் காலத்திலிருந்து எண்ணெய் தடவி வளர்த்த மீசை. முரளி அதை ஒரு முறுக்கு முறுக்கி, பார்த்துவிடலாம் என்று சம்மதித்துவிட்டான். ஆபீசில் ஜாபர் சாதிக்கிடம் இதை உளறியதுதான் அவன் செய்த பெரிய தப்பு. காயல்பட்டினத்துக்காரரான ஜாபருக்கு அடுத்தவன் அவஸ்தை என்றால் அல்வா மாதிரி.

இந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகாரியாக யாரிட்சா வந்து சேர்ந்தாள். போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரி, அங்கத்திய ஆதிகுடியான டையினோ வம்சம். முதல் நாள் சாப்பாட்டு மேஜையிலேயே நம்ம ஆள் தன் மேதாவித்தனத்தைக் காட்டினான். கொலம்பஸ் வந்து இறங்கிய கொஞ்ச காலத்திலேயே டையினோ ஜனங்கள் பூண்டோடு அழிந்துவிட்டார்கள் என்று படித்திருக்கிறேனே என்றான். யாரிட்சா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ உங்க பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னுறது பேயா?"

முரளி உடனே மன்னிப்புக் கேட்டான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான், கம்பெனி கலை விழாவில் தன்னோடு ஆட ஆள் வேண்டும் என்று அவள் கேட்டபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

ஆட்டத்தின் பேர் அரெய்த்தோ. கும்மிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் முன்னால் பாடி அடி வைக்க, வட்டமாக நிற்கிறவர்கள் அதையே திருப்பிப் பாடி அதே அடியை வைக்க வேண்டும். முன்னோர் கதை, சண்டை, கல்யாணம் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடிப் பாடி ஞாபகம் வைத்தார்களாம். பழைய மெட்டு ஒன்றும் மிஞ்சவில்லை, இது நானே கட்டியது என்று யாரிட்சா ஒளிக்காமல் சொன்னாள். குடைந்த மரத்தில் தோல் கட்டாமல் செய்கிற முரசுக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி, அதை அடிக்க ஜாபர். கிலுகிலுப்பைக்குப் பால்பவுடர் டின்னில் துவரம்பருப்பு, அது ஜலஜாவின் உபயம்.

விழாவன்று மேடை ஏறுகிற நேரத்தில் யாரிட்சாவுக்குப் புது யோசனை உதித்தது. பாட்டில் 'குவயாபா' என்று ஒரு பழம் வரும், டையினோக்காரர்கள் வைத்த பேர். அந்த இடத்தில் ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் அதன் பேரைச் சொல்லுங்கள், கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லி 'லே லே லே' என்று முடிக்கட்டும் என்றாள்.

முரளிக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. முதல் வரிசையில் ஜலஜா. பின்வரிசையில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த நம்ம ஊர்ப் பையன்கள். ஜாபரோ பெட்டிக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிலிப்பினோக்காரர் 'பயாபாஸ்' என்றார். எகிப்துக்காரர் 'கவாஃபா' என்றார். எல்லாமே அந்தக் குவயாபாவின் பேரன் பேத்திகள்தான். வட்டம் நகர்ந்து முரளியிடம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, கோழி முனகுகிற மாதிரி, "கொய்யா" என்றான்.

ஜாபர் பெட்டியில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார்.

பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்று, "கொய்யா! லே லே லே!" என்று கூரை அதிரக் கத்தியது. பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? போர்மேனைப் பார்த்து ஒருத்தன், சூப்பர்வைசரைப் பார்த்து ஒருத்தன், ஆசை தீர வெளுத்துக் கட்டினார்கள். ஜலஜா அசையாமல் தன் மூக்குக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். போச்சு, மீசை போச்சு என்று முரளி முடிவே கட்டிவிட்டான்.

ஆனால் யாரிட்சா ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். அவள் முகமெல்லாம் கண்ணீர். மைக்கைப் பிடித்து, தன் ஜனம் செத்துவிட்டது என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்து வளர்ந்தவள் தான் என்றாள். இன்றைக்கு எங்கேயோ இருக்கிற நீங்கள் எங்கள் முன்னோரின் வார்த்தையை உங்கள் சொந்த வார்த்தையாக இத்தனை சந்தோஷமாகச் சொல்கிறீர்களே என்றாள். கத்திய பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையை உடைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மேடையிலிருந்து இறங்கியவள் நேரே ஜலஜாவிடம் போய், கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது என்றாள். ஜலஜா விழித்தாள். ஜாபர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அந்த ஈரக் கண்ணைப் பார்த்தபடியே ஜலஜா மெதுவாகச் சொன்னாள்.

"கொய்யா... லே லே லே."

யாரிட்சா அவளைக் கட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் தன்யா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். கடற்கரையோரக் கார்னிஷ் ரவுண்டானா தாண்டியதும் முரளி தானாகவே பேச்சை எடுத்தான். வாக்கு வாக்குதான், வீட்டுக்குப் போனதும் பிளேடை எடுத்துக்கொள் என்றான்.

ஜலஜா வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"மீசை இருந்துட்டுப் போகட்டுங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கிறவளைப் போய் செத்துட்டாள்னு எழுதி வச்சிருக்கானுங்க பாருங்க," என்றவள், மகள் தூங்குகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கொய்யாலே."