இயந்திரம் படிக்காத வரிகள்

அந்தக் கடிதத்தை நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தேன். கல்வராயன் மலையில் குடிநீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மாயவன் அண்ணனை வேலையை விட்டு நிறுத்துகிறார்களாம். காரணம், 'தவறான அளவைப் போட்டு மோட்டாரை எரித்த அலட்சியம்'. கையெழுத்து இளவரசன், கள்ளக்குறிச்சியில் எங்கள் கம்பெனி மேலாளர். என்ன அளவு போட்டார் என்றுகூட அந்த மனுஷன் விசாரிக்கவில்லை.

மோட்டாரை ஓட்டும் கருவிக்குள் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. எழுதியவள் நான். மலையில் கரண்டு திரும்பி வந்தால் வோல்டேஜ் படுத்துக்கிடக்கும், ஏற மூன்று நிமிடமாகும். அதற்குள் மோட்டார் ஓடினால் புகைதான். அதனால் 'தாமதம்' என்ற வரிக்கு மேலே, "விநாடிக் கணக்கில் போடவும். உதாரணம்: மலைக்கு 180" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை இயந்திரம் படிக்காது. அது மனிதருக்கு.

கருவி மலைக்குப் போகும் முன்பே இளவரசன் என் குறிப்புகளை மொத்தமாக அழித்துவிட்டு, ஃபைல் இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்றான்.

"ஃபைல்ல எதுக்குக் கதை? வெளக்கம் வேணும்னா வெப்சைட்ல பாத்துக்கட்டும்."

மாயவன் அண்ணனின் ஊரில் பாறை மேல் ஏறினாலும் சிக்னல் கிடைக்காது. இடி விழுந்து கருவியின் எண்கள் அழிந்தபோது, அவர் தனக்குத் தெரிந்ததைப் போட்டார். நான்கு நாளாக ஊரே ஓடைத் தண்ணீரைச் சுமக்கிறது. அலட்சியம் யாருடையது?

புது மோட்டாரோடு இளவரசனையும் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனேன். மோட்டார் ரூமில் மாயவன் அண்ணன் சுவரோரமாக நின்றார்.

"நீங்களே செட் பண்ணுங்க சார். கரண்டு வந்து மூணு நிமிஷம் கழிச்சுதான் ஓடணும்" என்றேன்.

இளவரசன் திரையைப் பார்த்தான். 'தாமதம்' என்ற சொல், எதிரே காலியிடம், அவ்வளவுதான். போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தான், மறுபடி பைக்குள் போட்டான். 3 என்று தட்டிச் சேமித்துவிட்டு மெயின் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னா ரீத்தா இது?"

"மூணு விநாடியில ஓடிடும் சார். இதுவும் எரிஞ்சிரும்."

அவன் முகம் வெளுத்தது. மாயவன் அண்ணன் கிட்டே வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"நானும் இதாங்க போட்டேன்" என்றார். "அப்போ உங்களுக்கும் லெட்டர் வருங்களா?"