பச்சை ரிப்பன்காரி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு அவள் உடம்பு மட்டும்தான் மேசையருகே நின்றது. எதிரே நின்ற கூட்டாளி மூன்றாவது தடவையாக முனையை உதறிவிட்டு, "நீ மடிக்கிறியா, கசக்குறியா? பர்மிஷன்தான் வாங்கிட்டியே, கிளம்பித் தொலை," என்று விரட்டினாள். மணி பத்தரை. புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இன்று ஒருநாள் சோதனை வகுப்பு. சாயங்காலத்துக்குள் சேர்க்கிறோமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு இடமும் வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குப் போய்விடும். அவளிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. சேர்ப்பதாக இல்லை.

பிள்ளைகள் இரட்டைப் பெண்கள், எட்டு வயது. ஆறு நிமிஷம் முந்தியவள் பெரியவள், பிந்தியவள் சின்னவள். ஒரே முகம், ஒரே நடை, டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த சீட்டும் ஒரே மாதிரி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. சின்னவள் பேசுவாள், இரண்டு மூன்று வார்த்தையாக. பெரியவள் வாயே திறந்ததில்லை. திறப்பானேன்? "அக்காக்குத் தண்ணி", "அக்காக்குப் போதும்" என்று எல்லாவற்றையும் சின்னவளே சொல்லிவிடுவாளே! கேட்பவர்கள் உருகிப் போவார்கள். பழைய பள்ளிக்கூடத்து டீச்சரம்மா தங்கமான மனுஷி. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, பெற்ற பிள்ளைகளைப் போல ஊட்டிவிடுவாள். நாலு வருஷமாக ஊட்டுகிறாள். அதைத்தான் புருஷன் குறை சொன்னான். லிஃப்ட் மெக்கானிக், மனசில் பட்டதைப் போட்டு உடைக்கிற ரகம். "ஊட்டுறாங்க, ஊட்டுறாங்க, ஊட்டிக்கிட்டே இருக்காங்க. நமக்கப்புறம் யாரு ஊட்டுவா?" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. புதுப் பள்ளியில் பேசுகிறவர்கள், பேசாதவர்கள் என்று பிரித்து இரண்டு பேரையும் தனித்தனி அறையில் போடுவார்களாம். பெரியவளுக்கு இருக்கிற ஒரே வாயையும் பிடுங்கி அடுத்த அறையில் வைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

வெளியாட்களுக்கு அடையாளம் தெரிய ரிப்பன் கட்டிவிடுவாள். பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்குப் பச்சை. வீட்டில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை, தும்மலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். புதுப் பள்ளியின் படிவத்தில் அவளே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். சிவப்பு ரிப்பன் பேசாது, பச்சை ரிப்பன் பேசும். அன்றைக்கு அவளுக்கு விடிகாலை ஐந்து மணி ஷிஃப்ட். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தலைவாரிவிடும் பொறுப்பு அப்பன் கைக்குப் போயிருந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் அந்த அப்பன் குடிதண்ணீர்க் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சொட்டிக்கிட்டே இருந்துச்சு," என்றான். எங்கே போனாலும் இதே கூத்து. அவள் தலையில் அடித்துக்கொண்டு, பேசுகிற பிள்ளைகளின் அறைக் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது. உள்ளே பச்சை ரிப்பனோடு உட்கார்ந்திருந்தவள் பெரியவள்.

"ஏங்க! ரிப்பனை மாத்திக் கட்டியிருக்கீங்க! பெத்த பிள்ளைங்கள அடையாளம் தெரியாதா உங்களுக்கு?"

"பிள்ளைங்கள நல்லாத் தெரியும். யாருக்கு எந்தக் கலர்னுதான் மறந்துட்டேன்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இரண்டு மணி நேரமாகப் பெரியவளைப் பேசு பேசு என்று படுத்தியிருப்பார்களே! கதவைத் தள்ளப் போனாள். அதற்குள் அது தானே திறந்தது. சட்டைக் கையெல்லாம் பெயிண்ட் அப்பிய ஒரு சின்னப் பெண், டீச்சராம், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"உங்க பச்சை ரிப்பன்காரி சரியான அழுத்தக்காரிம்மா. களிமண்ணை நீட்டி வேணுமான்னு கேட்டேன். பதிலே இல்ல. பேசுற பொண்ணுதானே, சொல்லட்டும்னு நானும் கையை மடக்காம உக்காந்துட்டேன். கை மரத்தே போச்சு. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்து வேணாம்னுட்டா!"

"யாரு?"

"இதோ, இவதான்."

அவள் வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். புருஷன்தான் குழாயைப் பிடித்தபடி, "டீச்சர், அது பேசாத பிள்ளை," என்றான். டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "தெரிஞ்சிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்மா. பேசாத பிள்ளைங்களுக்குக் காட்டுற படத்தைக் காட்டிட்டு நகர்ந்திருப்பேன்," என்றாள்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பொறாமையும் வந்தது, மறைப்பானேன். எட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை யாரோ ஒருத்தி காதில் விழுந்துவிட்டதே! காத்திருந்தாளா? எங்கே காத்திருந்தாள்? தாகம் எடுக்குமுன் தண்ணீர், பசிக்குமுன் சோறு. பெரியவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக நின்ற ஞாபகமே அவளுக்கு இல்லை. பேசாது என்று எழுதியதும் அவள் கைதான். வெட்கமாக இருந்தது.

சின்னவள் அடுத்த அறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். முதல் அரை மணி அக்கா அக்கா என்று அழுதாளாம். பிறகு நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கோப்பையில் மொண்டு மொண்டு ஊற்றித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாளாம். யாருக்காகவும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.

மத்தியானம் வகுப்பு முடிந்ததும், சாயங்காலத்துக்குள் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு நாலு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். புருஷன் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தவன் அடக்கமாக இருப்பதும் ஒரு எரிச்சல்தான். அவள் பெரியவளுக்கு எதிரே, வெயிலில் காய்ந்த நடைபாதையில் மண்டியிட்டாள்.

"நாளைக்கும் இங்க வரலாமா?"

"அக்காக்கு..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"உன்னை அப்புறம் கேக்குறேன் கண்ணு. இப்ப அக்காவைக் கேட்டிருக்கேன்."

பெரியவள் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். பஸ் வந்து நின்றது. டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். "அடுத்தது அரை மணி கழிச்சுதான்," என்றான் புருஷன், தாழ்ந்த குரலில்.

அவள் திரும்பாமலே பின்பக்கம் கையை ஆட்டிப் பஸ்ஸைப் போகச் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது. புழுதி அடங்கிற்று. முழங்காலில் சிறு கல் குத்தியது. அசையவில்லை. பெரியவளின் பார்வை அவள் தோளிலிருந்து கழுத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து முகத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது.