பாய் அடிக்கிற சத்தம்

எங்கள் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனாலும் எங்கள் கல்லூரியில் ஒரு படகு இருக்கிறது. சாத்தூரில் யாரிடமாவது இதைச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். என் அப்பா கனகசபாபதி ஒரு படி மேலே போய், "வைப்பாத்துலயா ஓட்டப் போறீக?" என்று கேட்டார். வைப்பாற்றில் அப்போது கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது.

பந்தயத்துக்கான சின்னப் பாய்மரப் படகு அது. இரண்டு பேர் உட்காரலாம். என்.சி.சி. கடற்படைப் பிரிவுக்கென்று வந்து, தள்ளுவண்டி மேலேயே மூன்று வருடமாகக் குடியிருந்தது. இருக்கன்குடி அணையில் இறக்கலாம், இறக்கலாம் என்று சொல்லியே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதனால் எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் போட்டி தரையில்தான். படுக்க வைத்திருக்கும் பாய்மரத்தை நிமிர்த்த வேண்டும். அதை மூன்று பக்கமும் கம்பியால் இழுத்து மாட்ட வேண்டும். குறுக்குக் கட்டையைப் பூட்டி, பெரிய பாயைக் கயிற்றால் மேலே ஏற்றி, முன்பாயையும் சுக்கானையும் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினால் கடிகாரத்தை நிறுத்துவார்கள். இரண்டு பேர், பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நாரணாபுரத்தில் எங்களுக்குப் பட்டாசு கம்பெனி இருக்கிறது. வீட்டில் ஒரே பெண். என் குரலுக்கு எல்லாரும் பழகிப்போய்விட்டார்கள். என் ஜோடியாக வந்த பொன்மணிதான் பழகாதவள். ஏழாயிரம்பண்ணைக்காரி. அவள் அம்மா இருளம்மாள் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் பொன்மணியும் வேன் ஏறிப் போய், அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவாள். எங்கள் கம்பெனி இல்லை, வேறொன்று. இருந்தும் முதலாளி வீட்டுப் பெண் என்று என்னை ஒன்றரை வருடமாக 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டாள். ஒரே வகுப்பு, ஒரே வயது. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து நானும் அலுத்துவிட்டேன்.

அவளோடு எனக்கு வந்த முதல் சண்டை, அவள் சாமான்களைக் கீழே வைக்கிற விதத்தைப் பற்றி. கம்பி மாட்டுகிற இரும்புக் கொக்கியானாலும் சரி, ஒரு முழக் கயிறானாலும் சரி, இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, சத்தம் வராமல் வைப்பாள். எதையும் போடமாட்டாள், தரையில் இழுக்கமாட்டாள், எறிய மாட்டாள். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விநாடி, நான்கு விநாடி. எல்லாம் சேர்ந்து பதிமூன்றரை நிமிடத்தில் வந்து நிற்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "கீழ போட்டா என்ன, வெடிச்சிருமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "பழகிருச்சுங்க" என்றாள்.

எங்கள் பயிற்சியாளர் மகேஷ்குமார் சார் கெட்டிக்காரர். எங்களைத் திட்டாமல் வேலையை மாற்றிக் கொடுத்தார். கொக்கி, கம்பி எல்லாம் எனக்கு. கயிறும் முடிச்சும் பொன்மணிக்கு. சணல் சுற்றிய விரல்கள் அல்லவா, பாயை ஏற்றும் கயிற்றை அவள் இழுத்து அடிமரத்தில் சுற்றிக் கட்டுவதை நான் பார்த்து முடிப்பதற்குள் அவள் அடுத்த முடிச்சில் இருப்பாள். ஒரே வாரத்தில் பத்தரை நிமிடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தது ஒரே ஒரு பழைய பாய். அது கிழிந்துவிடக்கூடாது என்று சார் எங்களைக் கலையரங்கத்துக்குப் பின்னால் பயிற்சி செய்ய வைத்தார். மூன்று பக்கமும் சுவர். பாய் மேலே போகும், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கும், கையைத் தூக்குவோம், கடிகாரம் நிற்கும். அதுதான் பாய் ஏற்றுவது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

என்.சி.சி. கேம்ப்புக்கு ஜோடிகளை எடுக்கத் தூத்துக்குடியில் நடக்கிற தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பஸ் ஸ்டாண்டில் நிற்கையில் பொன்மணி ஒரு விஷயம் சொன்னாள். தீபாவளி சீசன் நெருங்கிவிட்டது, லோடு லோடாக ஆர்டர். வீட்டுக்கு இரண்டு ஆள் வந்தால்தான் வேனில் இடம் என்று ஆள் கூட்டிப்போகிறவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். அவர் மனைவி, இவள் மதினி, வீட்டோடு இருக்கிறார். மிச்சம் இவள்தான். தேர்வில் ஜெயித்தால் கேம்ப், படிப்பு, பிறகு நேவி பரீட்சை. அம்மா எப்படியாவது சமாளித்துக்கொள்வார். தோற்றால் திங்கட்கிழமையிலிருந்து படிப்பை நிறுத்திவிட்டு தினமும் வேன் ஏற வேண்டும். சீசன் முடிந்ததும் மறுபடி காலேஜுக்கு வரலாமே என்றேன். அப்படி நின்ற யாரும் திரும்பி வந்து தான் பார்த்ததில்லை என்றாள்.

சரி, மதினி ஏன் போகக்கூடாது என்று கேட்டேன். "அவுகளால முடியாது" என்றாள். உடம்புக்கு ஏதோ முடியாதவர் போல என்று நானாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய சிமெண்டுத் தளத்தில் படகுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது ஜோடிகள் வந்திருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்ப்பு. எது குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. இரண்டு ஜோடிகளை எடுப்பார்கள். படகுக்கெல்லாம் புதுப் பாய், மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று இருந்தது. முதல் குலுக்கலிலேயே எங்கள் எண் வந்துவிட்டது. நல்ல சகுனம் என்று சார் முதுகில் தட்டி அனுப்பினார்.

விசில் ஊதினார்கள். மரத்தை நிமிர்த்தினோம். கம்பிகளை நான் மாட்டி முடித்தபோது நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. குறுக்குக் கட்டை போய் உட்கார்ந்தது. பாயின் ஓரத்தை நான் மரத்தின் நீளப் பள்ளத்தில் ஊட்டிக் கொடுக்க, பொன்மணி கயிற்றை இழுத்தாள். பாய் பாதி ஏறியது. அப்போது கடல் பக்கம் பார்த்திருந்த ஓரத்தைக் காற்று பிடித்தது.

காற்றில் ஒரு புதுப் பாய் என்ன சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பட் என்று ஒன்று. பிறகு படபடபடவென்று விடாமல், தலைக்கு மேலேயே.

என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். "ஓடுடி" என்று ஒரு குரல். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் நான் ஓடிக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு ஓடியது பொன்மணி. கொடிக்கம்பத்தைத் தாண்டி, மற்ற கல்லூரிக்காரர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றையும் தாண்டி, தண்ணீர் டேங்கர் லாரிக்குப் பின்னால் போய், என்னைக் கீழே தள்ளி உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். கயிற்றை விட்டுவிட்டதால் பாய் மொத்தமும் சரிந்து படகை மூடிக்கிடந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான். நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எங்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பாய்டி அது, துணி, துணியைப் பார்த்து யாராவது ஓடுவார்களா, ஊரே சிரிக்கிறது, உனக்காகத்தானே இத்தனை நாள் விடிய எழுந்து வந்தேன் என்று ஏதேதோ. அவள் என் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் நான் வாயை மூடினேன்.

பிறகு அவளே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் அவளும் மதினி கருப்பம்மாளும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். அடுத்த அறையில் தீப்பிடித்தது. பெரிய சத்தம் எடுத்தவுடன் வராதாம். முதலில் சின்னச் சின்னதாகப் படபடவென்று வரும். அதுதான் ஓடுவதற்கு இருக்கிற நேரம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். இவள் ஓடிவிட்டாள். சுவர் ஓரமாக உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்த மதினி எழுந்து வர நான்கு எட்டு தாமதம். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு மொத்தமும் வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் குப்புறப் படுத்திருந்தார். இன்றைக்கும் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது.

"மதினி கையி எனக்கு எட்டுற தூரம்தான்" என்றாள் பொன்மணி. "அன்னைக்குப் பிடிக்கல. இன்னைக்குப் பிடிச்சேன்."

என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. பட்டாசு கம்பெனி வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் கம்பெனிக்குள் அலுவலக அறையைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. அப்பா விடமாட்டார். ஆபத்து என்பார். சத்தம் வந்தால் துணிதானே என்று நிற்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மகேஷ்குமார் சார் தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது வாய்ப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, வேண்டாமென்றால் பெயரை எடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். பொன்மணி எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறொரு கல்லூரிக்காரர்கள் பாய் ஏற்றி நிறுத்தியிருந்த படகுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

அந்தப் பாயும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. ஒரு தடவை இரண்டு எட்டு பின்னால் போய்விட்டு மறுபடி வந்து நின்றாள். நான் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"கையப் பிடிக்காத. பிடிச்சா இழுத்துட்டு ஓடிருவேன்" என்றாள்.

அந்த நிலைமையிலும் 'பிடிக்காத' என்று சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா பக்கத்தில் நின்றேன். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே நின்றோம். பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அப்படி ஒரு முக்கால் மணி நேரத்தில் போகிற பயம் இல்லை அது.

மறுபடி விசில். இந்தத் தடவை காற்று இன்னும் கூடியிருந்தது. மரம், கம்பி, கட்டை. பாய் ஏற ஏற, அதே இடத்தில், பட் என்று ஆரம்பித்தது. நான் பாயைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் வலது கால் தானாகத் தரையை விட்டுத் தூக்கியது. ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடட்டும், கூடவே நானும் ஓடிவிடுகிறேன் என்றுகூட மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் அந்தக் காலைக் கொண்டுபோய்ப் படகின் விளிம்பில் ஊன்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். பாய் உச்சிக்குப் போனது. கட்டினாள். முன்பாய்க்கு ஓடினோம். சுக்கானை மாட்டினோம். இரண்டு பேரும் கையைத் தூக்கினோம்.

பதினோரு நிமிடம் பத்து விநாடி. முதல் ஜோடி எங்களைவிட அரை நிமிடம் முந்தியிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் எங்களுக்கும் நான்கு விநாடி வித்தியாசம். சாயங்காலம் பெயர் வாசித்தபோது மகேஷ்குமார் சார் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் கடல் காற்று, மண் விழுந்துவிட்டது என்றார்.

பொன்மணி அம்மாவுக்குப் போன் போட்டாள். காற்றில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டு இருளம்மாள் சிரித்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். திங்கட்கிழமை வேனுக்குத் தன் இடத்தில் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு என்றாள் பொன்மணி. வேறு ஆள் எதற்கு, கருப்பம்மாள் வருகிறாள், நேற்றே ஆள் கூட்டிப்போகிறவரிடம் சொல்லியாகிவிட்டது என்றார் இருளம்மாள்.

பொன்மணியின் முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அப்படியென்றால் தான் கேம்ப்புக்குப் போகவில்லை, திங்கட்கிழமை தானே வருகிறேன் என்றாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"ஏ புள்ள, கிறுக்குத்தனமாப் பேசாத" என்றது கருப்பம்மாளின் குரல். "பெட்டி ஒட்டுற வேலைதான். கையத் தூக்க வேண்டியதில்ல. நான் பாத்துக்குவேன்."

பொன்மணி அழுகிறாள் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு நீயும் எனக்காக நின்னிருந்தா ரெண்டு பேரு முதுகும் வெந்திருக்கும். பெறகு யாரு எனக்கு மருந்து தடவிருப்பா? நீ ஓடுனது நல்லதுதான் தாயி. இப்பவும் போயிட்டு வா."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் அசிங்கமாக வரும். பொன்மணி போனை வாயருகே கொண்டுபோய், "மதினி, வாசப் பக்கமாப் பாத்து உக்காருங்க" என்றாள்.

பட்டாசு கம்பெனியில் ஒரு அறைக்கு நான்கு பேர்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அந்த நான்கு பேரில் வாசல் பக்கம் யார் உட்காருவது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.